மூக்கு டியூபில் போகவேண்டிய கஞ்சி வேறு லைனில் போய்விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பக்கவாதம் வந்த அப்பா வார்டில் இருக்கிறார். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப், கழுத்தில் மூச்சுவிடப் போட்ட டிரக்கியாஸ்டமி, கையில் ட்ரிப்ஸும் ஊசி மருந்தும் ஏற்றும் வென்ஃப்ளான், கீழே யூரின் டியூப். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சியோ பாலோ ஊற்றுவது வீட்டு ஆட்கள்தான். டியூப் மாறிப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பயம் நியாயமானது. வார்டு நர்ஸ்களுக்கும் இதே கவலை உண்டு என்பதால் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒரே ஒரு விதிதான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்: ஊசி மருந்து போடும் சிரிஞ்சில் உணவையோ, வாய் வழியாகக் கொடுக்கும் மருந்தையோ எடுக்கவே கூடாது. கவனமாக இருங்கள், லேபிள் ஒட்டுங்கள், இரண்டு முறை பாருங்கள் என்பதெல்லாம் தேவைதான். ஆனால் அவை மனிதர் விழிப்பாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். இரவு மூன்று மணிக்கு, பத்து படுக்கையை ஒருவரே பார்க்கும்போது, விழிப்பு என்பது நம்பக்கூடிய பொருள் இல்லை. ரத்தக்குழாய் லைனில் நுழையவே முடியாத முனை கையில் இருந்தால், தூங்கி வழிந்தாலும் அந்தத் தவறு நடக்காது.

ஏன் இப்படி மாறிப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள சிரிஞ்சின் முனையைப் பார்க்க வேண்டும். சாதாரண 2, 5, 10 மி.லி. சிரிஞ்சுகளின் முனையில் இருக்கும் சின்னக் கூம்புக்கு லூயர் முனை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் உருவான வடிவம் அது. 6 சதவீதச் சரிவுள்ள கூம்பு, அதே சரிவுள்ள குழிக்குள் அழுத்தினால் ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும். சில வகைகளில் திருகிப் பூட்டும் வசதியும் உண்டு. எந்தக் கம்பெனி சிரிஞ்சும் எந்தக் கம்பெனி ஊசியிலும் பொருந்தும் என்பதுதான் அதன் வெற்றி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வென்ஃப்ளான், மூன்று வழி ஸ்டாப்காக் (ட்ரிப்ஸ் லைனைப் பிரிக்கும் திருகு), சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் லைன்), டிரக்கியாஸ்டமியின் பலூன் வால்வு, யூரின் டியூபின் பலூன் வால்வு, சில பி.பி. கஃப் குழாய்கள், பச்சிளம் குழந்தைகளுக்கான உணவு டியூப் என்று ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இடங்களுக்கெல்லாம் இதே முனை போய்ச் சேர்ந்துவிட்டது. பொருந்தினால் சரியான இடம்தான் என்று கை நினைத்துக்கொள்கிறது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. பால் ரத்தக்குழாயில் ஏறிவிட்ட சம்பவம் 1972-லேயே லான்செட் இதழில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பின் வெளியான சம்பவக் குறிப்புகளைத் திரட்டி 2011-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், உணவு ரத்தக்குழாய் லைனில் போன 116 சம்பவங்கள் இருந்தன, 21 பேர் இறந்திருந்தார்கள். இவை எழுதி வெளியிடப்பட்டவை மட்டும்.

உணவு ரத்தத்தில் கலந்தால் என்ன ஆகும்? கஞ்சி, பால், பவுடர் கலவை எதுவுமே கிருமி நீக்கப்பட்டதில்லை. அதில் இருக்கும் துகள்களும் கொழுப்பும் முதலில் போய்ச் சேர்வது நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கு. அவை அடைபட்டதும் மூச்சுத் திணறல், ஆக்சிஜன் குறைவு, நெஞ்சுப் படபடப்பு, பி.பி. சரிவு. கூடவே கிருமிகளால் ரத்தம் விஷமாகி, சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், அதிர்ச்சி நிலை, ரத்தம் உறைவதில் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு என்று போகலாம். அளவு குறைவு என்றால் தப்பிப்பவர்கள் உண்டு. ஆனால் எத்தனை மி.லி. வரை பாதுகாப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் அப்பாவின் உடம்பில் இருக்கும் வாய்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இதை நர்ஸை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை செய்தால் பாதி பயம் போய்விடும்.

ரைல்ஸ் டியூபின் வெளிமுனை புனல் மாதிரி அகன்றிருக்கும், மூடியும் இருக்கும். உணவுக்கான வாய் அது ஒன்றுதான்.

கையில் இருக்கும் வென்ஃப்ளானுக்கு இரண்டு வாய். ட்ரிப்ஸ் மாட்டும் பின்பக்க வாய் ஒன்று, மேலே மூடியோடு நிற்கும் ஊசி மருந்து வாய் இன்னொன்று. இரண்டுமே லூயர். அதோடு மூன்று வழி ஸ்டாப்காக்கும் நீட்டுக் குழாயும் சேர்த்திருந்தால் வாய் இன்னும் கூடும். அந்த நீட்டுக் குழாய் தலையணைக்கு அருகே சுருண்டு கிடந்தால், ரைல்ஸ் டியூபுக்குப் பக்கத்திலேயே ஒரு ரத்தக்குழாய் வாசல் திறந்திருக்கிறது என்று பொருள்.

டிரக்கியாஸ்டமி டியூபிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே தொங்கும், நுனியில் சின்னப் பலூனும் வால்வும் இருக்கும். உள்ளே மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் கஃப் என்ற பலூனுக்குக் காற்று ஏற்றுவதற்கான வழி அது. கஃபின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். சில மி.லி. காற்று போதும் என்ற இடத்தில் 10 மி.லி. சிரிஞ்சால் மருந்துக் கரைசலைத் தள்ளினால் கஃப் அளவுக்கு மீறி ஊதி மூச்சுக்குழாயை அழுத்தும், அல்லது டியூபின் வாயையே மூடும். கஃப் வெடித்தால் உள்ளே போன திரவம் நேராக நுரையீரலுக்கு. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குச் சளி உறிஞ்சும் மூடிய சக்‌ஷன் கதீட்டர் போட்டிருந்தால், அதைக் கழுவ சலைன் விடும் சின்ன வாயும் ஒன்று உண்டு. அதில் எது போனாலும் சேருமிடம் நுரையீரல்தான். மூக்கு டியூபும் டிரக்கியாஸ்டமியும் ஒரு சாணுக்குள் இருப்பதால் இந்த இரண்டு வாய்களையும் நான் ட்ரிப்ஸ் லைனுக்குச் சமமான ஆபத்தாகவே வைப்பேன்.

யூரின் டியூபில் பை மாட்டும் அகன்ற வாய், பலூனுக்கான வண்ண வால்வு என இரண்டு. போர்வைக்குள் இருப்பதால் குழப்பம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இனி எந்த சிரிஞ்ச் வாங்குவது என்ற விஷயம். மருந்துக் கடையில் ‘50 மி.லி. சிரிஞ்ச்’ என்று மட்டும் கேட்டால் லூயர் முனை உள்ளதையும் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் சிரிஞ்ச் பம்பில் போடுவதற்கு அதுவும் 50 மி.லி.யில் வருகிறது. ‘கதீட்டர் டிப்’ என்று சொல்லிக் கேளுங்கள். முனை நீளமாக, அடி பருத்து, நுனி சற்றே ஒடுங்கி இருக்கும். வாங்கியதும் நர்ஸிடம் ஒரு புதிய, நோயாளிக்குப் போடாத வென்ஃப்ளானையோ ஸ்டாப்காக்கையோ வாங்கி அதில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையக் கூடாது. ரைல்ஸ் டியூபின் புனலில் மட்டும் கச்சிதமாக உட்கார வேண்டும்.

மருந்து விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். உணவுக்குச் சரியான சிரிஞ்ச் வைத்திருப்பார்கள். மாத்திரையைப் பொடித்துக் கரைத்ததும் அது 10 மி.லி. லூயர் சிரிஞ்சில் ஏறி, பெயரில்லாமல் டிரேயில் படுத்திருக்கும். அதன் பக்கத்திலேயே ட்ரிப்ஸ் லைனைக் கழுவும் சலைன் ஃப்ளஷ், அதன் பக்கத்தில் ஆன்டிபயாடிக். டியூபைக் கழுவ எடுத்து வைத்த குடிநீரும் சலைனும் சிரிஞ்சுக்குள் பார்க்க ஒன்றுதான். பொடித்த மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை, டால்க், மாவு போன்ற கரையாத நிரப்பிகளும் உண்டு. அவை ரத்தக்குழாயில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். ஆகவே மாத்திரையை 30 மி.லி. மருந்துக் கப்பில் கரைத்து, கப்பிலிருந்தே கதீட்டர் டிப் சிரிஞ்சில் எடுத்து உடனே கொடுத்துவிடுவது நல்லது. சிரப் மாதிரி அளந்து கொடுக்க வேண்டியதற்கு ஓரல் சிரிஞ்ச் கிடைக்கிறது, அதன் முனை லூயரில் சேராது. ரைல்ஸ் புனலுக்கு அது சிறிதாக இருந்தால் ஓரல் சிரிஞ்சில் அளந்து கப்பில் விட்டு, தண்ணீர் சேர்த்துப் பெரிய சிரிஞ்சால் கொடுக்கலாம். ஒரு கூடுதல் வேலைதான், செய்யத்தக்க வேலை. எந்த சிரிஞ்சையும் நிரப்பி வைத்துவிட்டு நகரக் கூடாது. நகர வேண்டிய கட்டாயம் வந்தால் பெயரும் ‘டியூப் வழி மட்டும்’ என்பதும் எழுதிய லேபிள் அதில் இருக்க வேண்டும்.

கதீட்டர் டிப் சிரிஞ்ச் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அது காப்பாற்றுவது ரத்தக்குழாயையும் லூயர் வால்வுகளையும்தான். யூரின் டியூபின் அகன்ற வாயிலும், கசிவை வெளியேற்ற வயிற்றில் போட்டிருக்கும் டிரெய்ன் குழாயிலும் அது நன்றாகவே பொருந்தும். அதனால் லைனைத் தொட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் இல்லாமல் முடியாது.

அந்தப் பழக்கத்துக்கு வரிசை உண்டு. உடம்பிலிருந்து தொடங்க வேண்டும், பாட்டிலிலிருந்து இல்லை. மூக்கில் டியூப் நுழையும் இடத்தில் விரலை வைத்து, டியூபை விரல்களுக்கு நடுவே விட்டபடி, கையை எடுக்காமல் வெளிமுனைவரை வர வேண்டும். கண்ணால் பின்தொடர்ந்தால் போர்வைக்கு அடியிலும் இரண்டு லைன் குறுக்கிடும் இடத்திலும் கண் தாவிவிடும், விரல் தாவாது. முனைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, அங்கேயே சிரிஞ்சைப் பொருத்த வேண்டும். தடவி முடித்தபின் கையை விட்டு சிரிஞ்சை எடுக்கப் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் சிரிஞ்ச், கப், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வேளை உணவுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஸ்கேனுக்குப் போய் வந்தபின், உடம்பு துடைத்துத் துணி மாற்றியபின், கட்டில் மாற்றியபின், டியூட்டி மாறும்போது கட்டாயம். தவறுகள் பெரும்பாலும் முதல் முறை மாட்டும்போது நடப்பதில்லை, எதற்காகவோ கழற்றியதைத் திரும்ப மாட்டும்போதுதான் நடக்கின்றன. டியூட்டி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் படுக்கை அருகே நின்று எல்லா லைனையும் சேர்ந்தே தடவிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஃபைலைப் பார்த்து ஒப்படைப்பது இதற்கு ஈடாகாது.

வெளிச்சம் இல்லாமல் எதையும் மாட்டக் கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்குகிறார் என்று செல்போன் டார்ச்சில் வேலை பார்ப்பது ஒரு கையையும் பறித்துவிடுகிறது. விளக்கைப் போடுங்கள்.

லைன்களைப் பிரித்து வைப்பதும் எளிய வழி. ரத்தக்குழாய் லைன்கள் தலைப்பக்கமாகவும் உணவு லைன் கால்பக்கமாகவும் போகட்டும் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் சொல்லும் யோசனை. உங்கள் வார்டில் தலைப்பக்கம் கால்பக்கம் சரிவராது என்றால் இடம் வலம் என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாப் படுக்கையிலும் ஒரே முறை என்பதுதான் முக்கியம். ட்ரிப்ஸ் கம்பியில் உணவுப் பை தொங்கவே கூடாது, அதற்குத் தனிக் கம்பி. லேபிள் ஒட்டுவதாக இருந்தால் இரண்டு முனையிலும் ஒட்ட வேண்டும்: உடம்புக்கு அருகே ஒன்று, மாட்டும் வாய்க்கு அருகே ஒன்று. பையில் மட்டும் ஒட்டிய லேபிள், மாட்டும் தருணத்தில் கண்ணில் படாது.

நம்மூர் வார்டுகளில் பார்க்கக்கூடிய ஒரு வழக்கத்தைத் தனியாகவே சொல்லியாக வேண்டும். காலியான சலைன் பாட்டிலின் அடியை வெட்டிக் கஞ்சியை ஊற்றி, ட்ரிப்ஸ் செட்டை மாட்டி, ரைல்ஸ் டியூபில் சொட்டுச் சொட்டாக விடுவது. செலவு மிச்சம்தான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அது ட்ரிப்ஸ். கிட்ட வந்தாலும் ட்ரிப்ஸ். அதன் முனை லூயர். கழன்று கிடந்தால் எடுத்து வென்ஃப்ளானில் மாட்ட எந்தத் தடையும் இல்லை, நல்லெண்ணத்தோடேயே மாட்டிவிடுவார்கள். மேலே சொன்ன எல்லாக் காவலையும் இந்த ஒரு வேலை தகர்த்துவிடும். இதற்கு எந்தச் சமாதானமும் இல்லை, நிறுத்த வேண்டியதுதான். மெதுவாகப் போக வேண்டும் என்றால் உணவுக்கென்றே வரும் ஃபீடிங் பையும் அதன் செட்டும் வாங்க வேண்டும். வாங்க முடியாதென்றால், பிஸ்டனைக் கழற்றிய கதீட்டர் டிப் சிரிஞ்சைப் புனலாகப் பிடித்துக் கையாலேயே ஊற்றுங்கள். ஒருவர் கையில் பிடித்தபடி நிற்கிறார், முடிந்ததும் எடுத்துவிடுகிறார், தொங்குவதற்கு ஒன்றுமில்லை. பழைய முறை என்று அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பம்ப் தேவைப்படும் நோயாளிக்கு உணவுக்கான பம்பே வேண்டும், மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பை இரவல் எடுக்கக் கூடாது.

வீட்டு ஆட்கள் டியூபைத் தொடலாமா? உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்புக்கான ஒன்பது தீர்வுகளில், லைன் மாறி மாட்டுவதைத் தவிர்ப்பதும் ஒன்று. உறவினர்கள் எதையும் மாட்டவோ கழற்றவோ கூடாது, நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறது அது. நம் ஊர் நடைமுறையில் டியூபில் கஞ்சி ஊற்றுவது உடனிருக்கும் மகளோ மருமகளோதான். அதைத் தடை செய்தால் நோயாளி பட்டினி கிடப்பார். ஆகவே எல்லையைத் தெளிவாகக் கிழித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். உடனிருப்பவர் தொடக்கூடியது ரைல்ஸ் டியூபின் புனலை மட்டும், அதுவும் கதீட்டர் டிப் சிரிஞ்சால் மட்டும், நர்ஸ் முன்னால் இரண்டு மூன்று வேளை செய்து காட்டிய பிறகு மட்டும். வேறெந்தக் குழாய் கழன்றாலும், ஒழுகினாலும், பீப் அடித்தாலும் கை வைக்கக் கூடாது, கூப்பிட வேண்டும். ட்ரிப்ஸ் லைன் கழன்று ரத்தம் வழிந்தால் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள், திரும்ப மாட்டாதீர்கள். ஆள் மாறினால் புதிதாக வருகிற அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘பார்த்து ஊற்றுங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சொல்லிக்கொடுத்ததாகாது.

வயிற்று டியூப்கள் தனி வம்பு. வீட்டுப் பராமரிப்பில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் போட்ட கேஸ்ட்ராஸ்டமி டியூபில் உணவு வாய் ஒன்றும், பலூன் வால்வு ஒன்றும் அருகருகே இருக்கும். உள்ளே இருக்கும் பலூனில் சில மி.லி. நீர் நிரப்பித்தான் டியூப் வெளியே வராமல் நிற்கிறது. எவ்வளவு என்பது டியூபின் மேலேயே அச்சிட்டிருக்கும். மருந்தையோ பாலையோ பலூன் வால்வில் தள்ளிவிட்டால் பலூன் ஊதி வெடிக்கும், டியூப் கழன்று வந்துவிடும். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். பலூன் வால்வில் லூயர் சிரிஞ்சுதான் பொருந்தும், உணவு வாயில் பெரிய முனைதான் பொருந்தும். உணவுக்கு லூயர் சிரிஞ்சே இல்லை என்ற விதியை வீட்டிலும் பிடித்தால் இந்தத் தவறும் நின்றுவிடுகிறது. கூடவே வால்வைச் சுற்றி ஒரு பிளாஸ்டர் ஒட்டி ‘பலூன், தொடாதே’ என்று எழுதி வையுங்கள். பலூனில் விடுவது கிருமி நீக்கிய தண்ணீர்தான், சலைன் விட்டால் உப்பு படிந்து வால்வு அடைத்துக்கொள்ளக்கூடும்.

ஆசிட் குடித்து உணவுக்குழாய் கருகியவர்களுக்கும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர்களுக்கும் சிறுகுடலில் ஃபீடிங் ஜெஜுனாஸ்டமி போடுவார்கள். வார்டில் எஃப்.ஜே. என்பார்கள். பல இடங்களில் அதற்குப் பயன்படுத்துவது யூரினுக்குப் போடும் ஃபோலி கதீட்டரையோ, ஒரு ரைல்ஸ் டியூபையோதான். அதே வயிற்றில் இரண்டு அங்குலம் தள்ளி ஆபரேஷன் டிரெய்ன் இருக்கும். இரண்டும் ரப்பர் குழாய், இரண்டும் தோலில் தையல் போட்டு நிறுத்தியவை. உணவு டிரெய்ன் வழியாக வயிற்றறைக்குள் போனால் பெரிடோனைட்டிஸ் என்ற வயிற்றறை அழற்சி. இந்த நோயாளிகளுக்கு ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருமுன்பே, குழாய் தோலைத் தொடும் இடத்தில் சர்ஜனோ உதவியாளரோ லேபிள் ஒட்டி, கேஸ் ஷீட்டில் படம் வரைந்து எந்தக் குழாய் எது என்று குறிக்க வேண்டும். வார்டுக்கு வந்தபின் நர்ஸ் ஊகித்து ஒட்டும் லேபிளை நான் நம்பமாட்டேன். வயிற்று டயாலிசிஸ் கதீட்டர் இருப்பவர்களுக்கும் இதுவே.

பச்சிளம் குழந்தைகள் பிரிவுதான் எல்லாவற்றிலும் இக்கட்டானது. அங்கே அளவுகள் சிறிது. 5, 6, 8 பிரெஞ்சு (குழாயின் பருமனைச் சொல்லும் அலகு) அளவு உணவு டியூப்களில் இங்கே விற்பவை பலவற்றின் முனை லூயர்தான். தாய்ப்பாலைப் பீய்ச்சி லூயர் சிரிஞ்சில் எடுத்து, சிரிஞ்ச் பம்பில் வைத்து, நீட்டுக் குழாய் வழியாக மணிக்கு 2, 3 மி.லி. என்று விடுவார்கள். பக்கத்துப் பம்பில் அதே சிரிஞ்ச், அதே நீட்டுக் குழாய், உள்ளே ரத்தக்குழாய் வழி கொடுக்கும் கொழுப்புக் கரைசல். அதுவும் வெள்ளை, பாலும் வெள்ளை. தொப்புள் கதீட்டரும் வாய் வழி டியூபும் ஓர் அடிக்குள். இந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை போதாது. லூயர் அல்லாத உணவு டியூபும், ஓரல் சிரிஞ்சும், உணவுக்கான தனி நீட்டுக் குழாயும் வாங்கித் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை. அவை வரும்வரை பாலைப் பம்பில் வைப்பதைத் தவிர்த்து, கையில் பிடித்துப் புவியீர்ப்பில் விடலாம். பம்ப் இல்லாமல் முடியாத குழந்தைக்குப் பால் பம்பை இன்குபேட்டரின் எதிர்ப்பக்கம் தனிக் கம்பியில் வைக்க வேண்டும், மாட்டும்போது இருவர் பார்க்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வாக வந்திருப்பது என்ஃபிட் இணைப்பு. ஐ.எஸ்.ஓ. 80369 என்ற தரவரிசையில் ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு வடிவம்: உணவுக்கு மூன்றாம் பகுதி, முதுகுத்தண்டு ஊசிக்கு ஆறு, ரத்தக்குழாய்க்கு லூயர் என்று ஏழாம் பகுதி. உணவுக்கான பகுதி 2016-ல் வெளிவந்தது. என்ஃபிட்டில் நோயாளியின் டியூபில்தான் ஆண் முனை, சிரிஞ்சிலும் ஃபீடிங் செட்டிலும் பெண் முனை, திருகிப் பூட்ட வேண்டும். லூயரைவிட அகலம் கூட, ஆகவே வென்ஃப்ளானில் சேராது. கலிபோர்னியாவில் உணவு இணைப்பு வேறு வழிகளுக்கான இணைப்புகளில் பொருந்துவதை 2016 ஜூலை முதல் சட்டமே தடுக்கிறது. மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018 செப்டம்பரில் மருத்துவமனைகள் இதற்கு மாறும்படி கடிதம் எழுதியது. பிரிட்டனில் 2007-லேயே வாய்வழி மருந்துக்கு லூயரில் சேராத சிரிஞ்ச்தான் என்று அரசு அமைப்பு உத்தரவு போட்டிருந்தது.

மாறுகிற மருத்துவமனைகள் மூன்று விஷயத்தில் தடுக்கி விழும். ஒன்று அடாப்டர். டியூப் பழையது, சிரிஞ்ச் புதியது, நடுவே அடாப்டர் என்று ஆரம்பித்தால் எதையும் எதிலும் மாட்டும் வழி மறுபடி திறக்கிறது. டியூப், சிரிஞ்ச், செட் மூன்றையும் ஒரே தேதியில் மாற்றி, மீதமுள்ள அடாப்டர்களை வார்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டு, சின்ன அளவு மருந்து. சாதாரண என்ஃபிட் சிரிஞ்சின் பெண் முனைக்குள் தங்கும் துளியும் உள்ளே போய்விடுவதால் 0.2 மி.லி. வரை அளவு பிசகலாம். குழந்தைகளுக்குத் தரும் 0.5 மி.லி. மருந்தில் அது பெரிய பிசகு. அதற்கென்றே ‘லோ டோஸ் டிப்’ சிரிஞ்சுகள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்து ஆர்டர் செய்ய வேண்டும். மூன்று, சுத்தம். டியூப் பக்க முனையின் திருகுப் பள்ளத்தில் உணவு தங்கிக் காய்ந்து பூட்டிக்கொள்ளும். தினம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போதும். ரொம்ப இறுக்கித் திருகுவதும் வேண்டாம், அடுத்தவர் கழற்ற முடியாமல் டியூபையே இழுத்துவிடுவார்.

ஊதா நிறம் உணவு லைனுக்கு அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் ஊதாவில்தான் தயாரிக்கின்றன, உண்மைதான். ஆனால் கையில் போடும் சில சென்ட்ரல் கதீட்டர்களும் ஊதாதான். நிறத்தைப் பார்த்து மாட்டாதீர்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் டியூபின் உள்முனை தப்பான இடத்தில் இருந்தால் உணவு நுரையீரலுக்குத்தான் போகும், என்ஃபிட்டாலும் அதைத் தடுக்க முடியாது. டியூப் போட்ட முதல் முறை எக்ஸ்ரே எடுத்தோ, உறிஞ்சிய திரவத்தின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறது என்று பார்த்தோ உறுதி செய்ய வேண்டும். இதற்கு பி.எச். பட்டை வேண்டும், லிட்மஸ் போதாது. பேன்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு பி.எச். கூடுதலாகக் காட்டும், அப்போது எக்ஸ்ரேதான். காற்றை அடித்து ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பது நம்பத்தகுந்த சோதனை இல்லை, நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். மூக்கருகே டியூபில் எத்தனை செ.மீ. என்று குறித்து வைத்து ஒவ்வொரு வேளையும் பாருங்கள். குறி நகர்ந்திருந்தால், வாந்தி அல்லது பலத்த இருமல் வந்திருந்தால், ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மாறிப்போய்விட்டால்? உடனே நிறுத்தி, கிளாம்ப் போட வேண்டும். லைனில் சலைன் விட்டுக் கழுவக் கூடாது, குழாயில் மிச்சமிருப்பதும் உள்ளே போய்விடும். வென்ஃப்ளானைப் பிடுங்கியும் எறிய வேண்டாம். அதே வாயிலிருந்து புதிய சிரிஞ்சால் எவ்வளவு உறிஞ்ச முடியுமோ உறிஞ்சிவிட்டு, மருந்துகளுக்கு வேறு இடத்தில் புது லைன் போட வேண்டும். ஆக்சிஜன், மானிட்டர், டாக்டர், ஐ.சி.யூ. என்று ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். எத்தனை மி.லி. போனது, எத்தனை மணிக்கு, என்ன உணவு என்று எழுதி வையுங்கள். பை, செட், சிரிஞ்ச் எதையும் குப்பையில் போடாதீர்கள், மீந்த உணவைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தாலும் காய்ச்சல், பி.பி., சிறுநீர் அளவு, ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றை ஒரு நாளாவது விடாமல் கவனிக்க வேண்டும். உறவினர் கையால் நடந்தது என்றால் அதை மறைக்காமல் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். யார் செய்தது என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பதுதான் டாக்டருக்குத் தேவை.

மாட்டப்போய்க் கடைசி நொடியில் கவனித்துத் தப்பியதையும் வார்டு பதிவேட்டில் எழுத வேண்டும். அப்படி எழுதிய பத்து வரிகள்தான் கதீட்டர் டிப் சிரிஞ்சுக்கான இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) கையெழுத்தாக உதவும். கருவியின் வடிவமே காரணம் என்றால், 2015-ல் காசியாபாத் இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனில் தொடங்கிய, மருத்துவக் கருவிகளால் வரும் கேடுகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் அறிக்கை அனுப்பலாம். படிவத்தை நர்ஸே நிரப்பலாம், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.